பணம் பின்னால்தான் வரும்: இதய ஆய்வு மாநாட்டுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

பயண உதவித்தொகை கிடைத்திருப்பதாக எனக்கு முதன்முதலில் மின்னஞ்சல் வந்தபோது, ஒரு வாரம் முழுக்க வங்கி ஆப்பைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பணம் வரவில்லை. மாநாட்டுக்குப் போய், திரும்பி, ரசீதுகளை எல்லாம் அனுப்பி, அதற்கப்புறம் இரண்டரை மாதம் கழித்துத்தான் வந்தது. அதற்குள் கிரெடிட் கார்டு வட்டி தன் வேலையைக் காட்டிவிட்டது. இப்படித்தான் நடக்கும் என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் வேறு மாதிரி ஏற்பாடு செய்திருப்பேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குக் கிடைத்தது எல்லா இளம் ஆய்வாளர்களுக்கும் பொதுவான ஓர் உதவி. ஆனால் எங்கள் லேபில் எனக்கு அடுத்த மேசையில் இருந்த தோழி மிசிசிப்பியைச் சேர்ந்த கறுப்பினப் பெண். சிறுபான்மை ஆய்வாளர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட பயண உதவிகளுக்கு அவர் மூன்று வருடம் விண்ணப்பித்தார். இரண்டு முறை கிடைத்தது, ஒரு முறை கிடைக்கவில்லை. மூன்று விண்ணப்பங்களையும் நான் கூட உட்கார்ந்து படித்திருக்கிறேன். கீழே இருப்பவை அங்கே கற்றுக்கொண்டவை. அமெரிக்காவில் இதயம், ரத்த அழுத்தம், பக்கவாதம் என்று ஏதோ ஒன்றில் பி.எச்டி. செய்கிறவர்களுக்கும், போஸ்ட்டாக்குகளுக்கும், கார்டியாலஜி பயிற்சியில் இருக்கிற டாக்டர்களுக்கும் பயன்படும்.

ஏன் தனியாக ஒதுக்குகிறார்கள்

இது தெரிந்தால் விண்ணப்பம் எழுதுவது சுலபம். அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

1948இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஃபிரேமிங்ஹாம் ஊரில் 5,209 பேரைச் சேர்த்து ஒரு தொடர் ஆய்வு ஆரம்பித்தார்கள். உயர் ரத்த அழுத்தம், கொழுப்பு, புகைபிடித்தல் ஆகியவற்றுக்கும் மாரடைப்புக்கும் உள்ள தொடர்பைப் பற்றி இன்று நாம் சாதாரணமாகப் பேசுவதில் பெரும்பகுதி அந்த ஊர்க்காரர்களின் உடம்பிலிருந்து தெரிந்துகொண்டது. அந்த 5,209 பேரும் கிட்டத்தட்ட முழுக்க வெள்ளையர்கள். அவர்களை வைத்துப் போட்ட அபாயக் கணக்கு அலபாமாவில் இருக்கும் ஒரு கறுப்பினத்தவருக்கோ அரிசோனாவில் இருக்கும் ஒரு பூர்வகுடிப் பெண்ணுக்கோ அப்படியே பொருந்துமா என்ற கேள்வி பல வருடம் தொங்கிக்கொண்டே இருந்தது.

அதற்குப் பதில் தேடித்தான் பின்னால் வந்த ஆய்வுகள் புறப்பட்டன. பூர்வகுடி அமெரிக்கர்களிடையே ஸ்ட்ராங் ஹார்ட் ஆய்வு 1988இல் தொடங்கியது. மிசிசிப்பியின் ஜாக்சன் நகரில் 2000இல் தொடங்கிய ஜாக்சன் ஹார்ட் ஆய்வில் 5,306 கறுப்பின மக்கள் சேர்ந்தார்கள். 2008இல் பிராங்க்ஸ், சிகாகோ, மயாமி, சான் டியேகோ ஆகிய நான்கு இடங்களில் தொடங்கிய ஹிஸ்பானிக் சமூக ஆய்வில் 16,415 பேர். நம் பக்கத்து மக்களுக்கும் ஒன்று உண்டு. அமெரிக்காவில் வாழும் தெற்காசியர்களின் ரத்தக்குழாய் அடைப்பை 2010இலிருந்து பார்த்துவரும் அந்த ஆய்வின் சுருக்கப் பெயர் 'மசாலா'. பெயர் வைத்தவர்களுக்கு அன்றைக்கு நல்ல பசி போலிருக்கிறது. 2018இல் வந்த அமெரிக்கக் கொழுப்புச் சிகிச்சை வழிகாட்டு நெறியில், தெற்காசிய வம்சாவளியையே ஆபத்தைக் கூட்டும் காரணிகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள்.

ஆய்வில் பங்கேற்கிற மக்கள் இப்படி மாறினாலும், மேடையில் நின்று அந்த முடிவுகளைச் சொல்கிறவர்கள் அந்த வேகத்தில் மாறவில்லை. கறுப்பின மக்களை இதயநோய் எப்படித் தாக்குகிறது என்பதைக் கவனத்துக்குக் கொண்டுவரக் கறுப்பின இதயநோய் மருத்துவர்களின் சங்கம் 1974லேயே தொடங்கியிருந்தது. அடுத்த வேலை, அடுத்த தரவு, பெரிய ஆய்வுக்குழுவில் ஓர் இடம் எல்லாம் பெரும்பாலும் ஆய்வு முடிவுகளை அச்சடித்து மாட்டியிருக்கும் போஸ்டர் பக்கத்தில் காபியோடு நின்று பேசும்போது கிடைக்கின்றன. அங்கே போக ஆயிரத்து ஐந்நூறு டாலர் இல்லாதவர் அந்தப் பேச்சில் இருக்க மாட்டார். பயண உதவி அந்த ஓட்டையை அடைக்க வந்தது. விண்ணப்பத்தைப் படிக்கிறவர்கள் இதை மனதில் வைத்துத்தான் படிக்கிறார்கள்.

நான் தகுதியானவரா

தமிழ் நண்பர்கள் பலர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். அமெரிக்காவில் நாம் எண்ணிக்கையில் சிறுபான்மைதானே, விண்ணப்பிக்கலாம் என்று நினைக்கிறோம். அறிவியல் நிதி உலகில் அந்தச் சொல்லுக்கு வழக்கமாக இருந்த பொருள் வேறு. தேசிய சுகாதார நிறுவனமான என்.ஐ.எச். 2019இல் வெளியிட்ட அறிவிப்பில், ஆய்வுத் துறையில் குறைவாக இடம்பெற்றவர்கள் என்று குறித்த இனக்குழுக்கள் கறுப்பினத்தவர், ஹிஸ்பானிக் மக்கள், பூர்வகுடி அமெரிக்கர்கள், அலாஸ்கா பூர்வகுடியினர், ஹவாய் மற்றும் பசிபிக் தீவினர். ஆசியர் அந்தப் பட்டியலில் இல்லை.

ஆனால் அதே அறிவிப்பில் இன்னும் இரண்டு வாசல்கள் இருந்தன. ஒன்று, மாற்றுத்திறனாளிகள். இன்னொன்று, வசதியற்ற பின்னணியிலிருந்து வந்தவர்கள். இதற்குச் சில அடையாளங்களைச் சொல்லி, அவற்றில் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும் என்றார்கள். பெற்றோர் யாரும் இளங்கலைப் பட்டம் பெறாதது, பள்ளியில் இலவச அல்லது குறைந்த விலை மதிய உணவுக்குத் தகுதி பெற்றது, பெல் கிராண்ட் என்ற மத்திய அரசின் கல்லூரி உதவித்தொகை வாங்கியது, கிராமப்புறத்தில் வளர்ந்தது போன்றவை அந்த அடையாளங்கள். நியூ ஜெர்சியில் பெட்ரோல் பங்கில் வேலை பார்த்த தமிழ் அப்பாவுக்குப் பிறந்து பெல் கிராண்டில் படித்து வந்த பிள்ளைக்கு இந்த வாசல் உண்டு. சென்னையில் வளர்ந்து எஃப்-1 மாணவர் விசாவில் வந்தவருக்கு அநேகமாக இல்லை.

சங்கங்கள் தத்தம் உதவிக்குத் தத்தம் வரையறை வைத்திருக்கும். அதோடு, 2023 ஜூனில் பல்கலைக்கழகச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதற்கு எதிராக அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. 2025 ஜனவரியில் பன்முகத்தன்மைத் திட்டங்களை நிறுத்தச் சொல்லி அதிபர் உத்தரவுகள் வந்தன. ஆகவே சீனியர் ஒருவர் நான்கு வருடத்துக்கு முன்னால் வாங்கிய உதவியின் பெயரையும் நிபந்தனையையும் அப்படியே நம்பிக் கிளம்பாதீர்கள். இந்த வருடத்து அறிவிப்பைத் திறந்து, தகுதி என்ற பத்தியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். சந்தேகம் இருந்தால் அதில் கொடுத்திருக்கும் முகவரிக்கு மூன்று வரி எழுதிக் கேளுங்கள். கேட்டதற்காக யாரும் மதிப்பெண் குறைக்க மாட்டார்கள்.

இல்லாத அடையாளத்தை எழுதாதீர்கள். இதற்கு மேல் இதில் சொல்ல எதுவும் இல்லை.

முதல் படி: எந்த மாநாடு

அமெரிக்க இதயச் சங்கம், அதாவது ஏ.எச்.ஏ., 1924இல் தொடங்கியது. அதன் பெரிய மாநாடு ஒவ்வொரு நவம்பரிலும் நடக்கும். 2023இல் பிலடெல்பியா, 2024இல் சிகாகோ. அமெரிக்க இதயநோய் மருத்துவர்களின் இன்னொரு சங்கமான ஏ.சி.சி. தன் மாநாட்டை மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கம் என்ற வாக்கில் நடத்தும். இரண்டும் திருவிழாக் கூட்டம். முதல்முறை போகிறவர் அதில் காணாமல் போவதற்கே வாய்ப்பு அதிகம்.

என்னைக் கேட்டால் முதல் மாநாட்டுக்குச் சிறியதாகப் பாருங்கள். ஏ.எச்.ஏ. மார்ச் வாக்கில் நடத்தும் எபி லைஃப்ஸ்டைல் மாநாடு, தொற்றுநோயியல் (மக்கள் கூட்டத்தில் நோய் யாருக்கு, ஏன் வருகிறது என்று பார்க்கும் எபிடெமியாலஜி) வழியிலும் தடுப்பு வழியிலும் இதயத்தைப் பார்க்கிறவர்களுக்கானது. மேலே சொன்ன பெரிய ஆய்வுகளை நடத்துகிறவர்கள் பலரும் அங்கே வருவார்கள். நீங்கள் மேற்கோள் காட்டிய கட்டுரையின் ஆசிரியர் உங்கள் போஸ்டரைத் தாண்டிக் காபி எடுக்கப் போவதை அங்கே பார்க்கலாம், நிறுத்திப் பேசலாம். ஆய்வகத்தில் எலியோடும் செல்லோடும் வேலை செய்கிறவர்களுக்கு ரத்தக்குழாய் ஆய்வாளர்களின் மே மாத மாநாடும், இதயத்தசை ஆய்வாளர்களின் ஜூலை மாநாடும் உண்டு. பக்கவாதத்துக்குப் பிப்ரவரி.

துறை எதுவானாலும் சரி, சிறுபான்மை மாணவர்களையே மையமாக வைத்து நடக்கும் பொதுவான உயிரறிவியல் மாநாடுகளும் உண்டு. ஏ.பி.ஆர்.சி.எம்.எஸ். என்பது அவற்றில் ஒன்று. 1973இல் தொடங்கிய சாக்னாஸ் அமைப்பின் மாநாடு இன்னொன்று. இளங்கலையில் இருக்கிற தம்பி தங்கைகளை முதலில் அங்கே அனுப்பலாம்.

மாநாட்டை முடிவு செய்த கையோடு சங்கத்தில் உறுப்பினராகிவிடுங்கள். மாணவர்களுக்கும் இளம் ஆய்வாளர்களுக்கும் கட்டணம் குறைவு. ஏ.எச்.ஏ.யில் சேரும்போது அதன் துறைவாரிப் பிரிவுகளில், அதாவது கவுன்சில்களில், எது உங்கள் முதன்மைக் கவுன்சில் என்று கேட்பார்கள். கை போன போக்கில் ஒன்றைத் தட்டிவிடாதீர்கள். பயண உதவிகளில் பல அந்தந்தக் கவுன்சிலின் காசு. உறுப்பினருக்குத்தான் கொடுப்பார்கள்.

இரண்டாம் படி: தரவும் அனுமதியும்

பயண உதவிக்கு மட்டும் தனியாகப் பெரும்பாலும் விண்ணப்பிக்க முடியாது. உங்கள் ஆய்வுச் சுருக்கம், நாம் எல்லாரும் சொல்கிற அப்ஸ்ட்ராக்ட், மாநாட்டில் ஏற்கப்பட வேண்டும். பெரும்பாலான உதவிகள் அதன் வாலில்தான் வரும். சொந்தமாகத் தரவு இல்லையே என்று கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி. என்.ஐ.எச்.சின் இதய, நுரையீரல், ரத்தப் பிரிவு பயோலிங்க் என்ற கிடங்கை நடத்துகிறது. பல பழைய பெரிய ஆய்வுகளின் தரவு அதில் இருக்கிறது. காசு கேட்பதில்லை. விண்ணப்பமும் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் கடிதமும் வேண்டும். நான்ஹேன்ஸ் என்ற தேசிய உடல்நலக் கணக்கெடுப்பின் தரவை இன்றே தரவிறக்கிக்கொள்ளலாம்.

ஜாக்சன், மெசா (பல இன மக்களின் ரத்தக்குழாய் அடைப்பைப் பார்க்கும் ஆய்வு) போன்ற ஆய்வுகளின் உள்தரவில் வேலை செய்கிறவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. அந்த ஆய்வுகளுக்கு வெளியீட்டுக் குழு ஒன்று உண்டு. மாநாட்டுக்கு அப்ஸ்ட்ராக்ட் அனுப்புவதற்கு முன்னாலேயே அந்தக் குழு அதைப் பார்த்துச் சம்மதம் தர வேண்டும். கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் போய் நின்றால் நடக்காது. ஸ்ட்ராங் ஹார்ட் ஆய்வில் இதற்கு மேலேயும் ஒரு கட்டம் இருக்கிறது. அந்தந்தப் பூர்வகுடிச் சமூகத்தின் ஒப்புதலும் வேண்டும். தங்கள் ரத்தத்தையும் கதையையும் கொண்டுபோய் வெளியாட்கள் என்னென்னவோ எழுதின அனுபவம் அந்த மக்களுக்கு நிறைய. நியாயமான தடுப்பு அது. அவசரப்படுத்தாமல், அதற்கான வாரங்களை முதலிலேயே ஒதுக்கிவையுங்கள்.

மார்ச் மாநாட்டை உதாரணமாக வைத்தால் காலம் ஏறக்குறைய இப்படி ஓடும். ஜூலையில் கேள்வியை முடிவு செய்து குழுவுக்கு முன்மொழிவு. ஆகஸ்ட், செப்டம்பரில் கணக்கு. அக்டோபரில் அப்ஸ்ட்ராக்ட். வருடக் கடைசியிலோ ஜனவரியிலோ முடிவு. மார்ச்சில் பயணம். ஏப்ரலில் ரசீது. கோடை வந்ததும் பணம். கேள்வி கேட்ட நாளிலிருந்து காசு கைக்கு வர ஒரு வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: அப்ஸ்ட்ராக்ட், அப்புறம் அந்தச் சின்னப் பெட்டி

அப்ஸ்ட்ராக்ட் எழுதுவது பற்றி இங்கே நீட்டப் போவதில்லை, அதற்கு உங்கள் அட்வைசர் இருக்கிறார். இரண்டே விஷயம். முடிவுகள் பகுதியில் எண் இருக்கட்டும். 'முடிவுகள் மாநாட்டில் விவரிக்கப்படும்' என்று எழுதினால் படிக்கிறவர் அடுத்ததற்குப் போய்விடுவார். இன்னொன்று, வேறொரு தேசிய மாநாட்டில் ஏற்கெனவே சொன்னதையோ, கட்டுரையாக வெளிவந்ததையோ அனுப்பக் கூடாது. ஏற்கப்பட்டவை ஏ.எச்.ஏ.யின் சர்க்குலேஷன் இதழின் இணைப்பில் அச்சாகும் என்பதால் இதில் கண்டிப்பாக இருப்பார்கள்.

இனி பெட்டி. பல மாநாடுகளில் பயண உதவிக்குத் தனி விண்ணப்பப் படிவம் கிடையாது. அப்ஸ்ட்ராக்ட் பதிவேற்றும்போதே நான்காவது, ஐந்தாவது பக்கத்தில் 'கீழ்க்கண்ட விருதுகளுக்கு என்னைப் பரிசீலிக்கவும்' என்று ஒரு வரியும், டிக் போட ஒரு சின்னப் பெட்டியும் இருக்கும். எங்கள் தோழிக்குக் கிடைக்காமல் போன அந்த ஒரு வருடம் இப்படித்தான் போனது. கடைசி நாள் இரவு பதினொன்றரைக்குப் பதிவேற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நான். இருவருமே அந்தப் பெட்டியைப் பார்க்கவில்லை. அப்ஸ்ட்ராக்ட் ஏற்கப்பட்டது, வாய்மொழி உரைக்கே இடம் கிடைத்தது. பயண உதவி மட்டும் இல்லை. எழுதிக் கேட்டோம், பூட்டிய படிவத்தைத் திறக்க முடியாது என்று மரியாதையாகப் பதில் வந்தது.

ஆகவே, சமர்ப்பிப்புத் தளம் திறந்த வாரமே உள்ளே போய், வெற்று விவரங்களைப் போட்டு, ஒவ்வொரு பக்கமாகக் கடைசிவரை நகர்த்திப் பாருங்கள். என்னென்ன கேட்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கடைசி பொத்தானை மட்டும் அழுத்த வேண்டாம். கடைசித் தேதியின் நேரம் எந்த மண்டலத்து நேரம் என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். டாலஸ் நேரத்துக்கு மூடும் படிவத்தைக் கலிஃபோர்னியாவில் உட்கார்ந்துகொண்டு இன்னும் இரண்டு மணிநேரம் இருக்கிறது என்று நினைத்தவர்கள் உண்டு.

நான்காம் படி: உங்களைப் பற்றிய ஒரு பக்கம்

தனி விண்ணப்பம் கேட்கும் உதவிகளில் பெரும்பாலும் மூன்று தாள் இருக்கும்: சி.வி., பரிந்துரைக் கடிதம், உங்களைப் பற்றிய ஒரு பக்கம். இந்த மூன்றாவதில்தான் ஆட்கள் தவறு செய்கிறார்கள், அதுவும் இரண்டு திசையில். சிலர் தங்கள் கஷ்டங்களை மட்டும் எழுதுவார்கள். சிலர் கஷ்டத்தைச் சொல்லக் கூச்சப்பட்டு, ஆய்வை மட்டும் எழுதி, எந்த நிதிக்கு விண்ணப்பிக்கிறோம் என்பதையே மறந்துவிடுவார்கள்.

எங்கள் தோழியின் முதல் வரைவு இப்படித் தொடங்கியது: 'சிறு வயதிலிருந்தே இதய ஆரோக்கியத்தில் எனக்கு மிகுந்த ஈடுபாடு உண்டு.' இதே வரியை அந்தக் குழு அன்றைக்கு நாற்பது தடவை படித்திருக்கும். இரண்டு வாரம் அடித்துத் திருத்திய பிறகு வந்தது ஏறக்குறைய இது: 'என் பாட்டி இருந்த ஊரிலிருந்து இதய டாக்டரைப் பார்க்க ஒன்றரை மணிநேரம் கார் ஓட்ட வேண்டும். தூரம் அதிகமுள்ள இடங்களில் ரத்த அழுத்த மாத்திரை எத்தனை மாதத்தில் நின்றுபோகிறது என்பதை நான் ஜாக்சன் தரவில் பார்க்கிறேன். இந்த மாநாட்டில் இட அடிப்படையிலான கணக்கீடு பற்றி ஒரு பயிலரங்கு இருக்கிறது, என் ஆய்வில் இப்போது பலவீனமாக இருப்பது அந்தப் பகுதிதான்.' பாட்டி, தரவு, மாநாட்டில் அவருக்கு இருக்கும் வேலை எல்லாம் ஒரே கோட்டில் வந்துவிட்டன. குழு தேடுவது அதைத்தான்.

மாநாட்டு நிரலைப் பார்த்து எந்த அமர்வு, யாருடைய உரை, எந்தப் பயிலரங்கு என்று பெயர் சொல்லி எழுதுங்கள். திரும்பி வந்ததும் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதற்கும் ஒரு வரி விடுங்கள்.

பரிந்துரைக் கடிதத்துக்குக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டாம். மூன்று வாரம் முன்னால் அட்வைசருக்கு அறிவிப்பு, அப்ஸ்ட்ராக்ட், சி.வி., அத்துடன் 'கடிதத்தில் இந்த நான்கு விஷயம் வந்தால் உதவியாக இருக்கும்' என்று அரைப் பக்கக் குறிப்பு அனுப்புங்கள். நம்மில் பலருக்கு இது திமிராகத் தோன்றும். வாத்தியாரிடம் போய் என்னைப் பற்றி இப்படி எழுதுங்கள் என்று சொல்வதா? இங்கே அதுதான் வழக்கம், அவர்களுக்கும் அதில் வேலை மிச்சம். லேபிலிருந்து மீதிச் செலவை ஏற்க முடியுமா, முடிந்தால் எவ்வளவு என்பதையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.

ஐந்தாம் படி: கைக்காசுக் கணக்கு

சிகாகோவில் மூன்று இரவு என்று வைத்து ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். விமானம் 380 டாலர். அறை இரவுக்கு 240 வீதம் 720. சிகாகோவில் ஹோட்டல் வரி மட்டும் 17 சதவீதத்துக்கு மேல், அது ஒரு 125. பதிவுக் கட்டணம் 300. நான்கு நாள் சாப்பாடு 240. உள்ளூர்ப் போக்குவரத்து 60. போஸ்டர் அச்சு 80. மொத்தம் 1,905 டாலர். உதவித்தொகை ஆயிரம் என்றால் மீதி 905 உங்கள் தலையில். அறையை ஒருவரோடு பகிர்ந்துகொண்டால் அதில் 420 போலக் குறையும். விமான நிலையத்திலிருந்து டாக்ஸி பிடிக்காமல் நீல ரயிலில் வந்தால் இன்னும் கொஞ்சம்.

ஆனால் முக்கியமான எண் 905 இல்லை, 1,905. முதலில் அவ்வளவையும் கட்டப் போவது நீங்கள்தான். ஆயிரம் டாலர் பின்னால்தான் வரும். மாதச் சம்பளமே வாடகைக்கும் மளிகைக்கும் போய்விடுகிற மாணவருக்கு இது பெரிய தொகை. யாருக்காக இந்த உதவி ஏற்படுத்தப்பட்டதோ அவர்களிடம்தான் முன்னால் போடக் காசு இருக்காது. இதை யோசிக்காமலே பல திட்டங்கள் ஓடுகின்றன என்பது என் வருத்தம்.

இதற்கு நடைமுறையில் நான்கு வழி. ஒன்று, துறை அலுவலகத்தில் பயணக் கார்டு இருக்கும். விமானத்தையும் பதிவுக் கட்டணத்தையும் நேராக அதில் போடச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு, பல பல்கலைக்கழகங்களில் பயண முன்பணம் என்று ஒரு படிவம் உண்டு. யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள், துறையின் கணக்குப் பார்க்கிறவரிடம் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். மூன்று, உதவி தரும் சங்கத்திடமே கேளுங்கள். சில சங்கங்கள் பதிவுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, அறையைத் தாங்களே போட்டுக் கொடுத்துவிடும். நான்கு, ஃபெல்லோஷிப்பில் இருக்கிறவர்கள் தங்கள் ஒதுக்கீட்டைத் திறந்து பாருங்கள். என்.ஐ.எச்.சின் பயிற்சி நிதிகளான எஃப்31, டி32 இரண்டிலும் பயணத்துக்குச் செலவு செய்ய இடம் உண்டு. அவை குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் மட்டும். ஏ.எச்.ஏ. தன் சொந்த ஃபெல்லோஷிப்களை எஃப்-1 மாணவர் விசா, ஜே-1 பரிமாற்ற விசா உள்ளவர்களுக்கும் திறந்து வைத்திருக்கிறது.

இரண்டு இடத்திலிருந்து உதவி கிடைத்தால் வாங்கலாமா? வாங்கலாம், ஒரே செலவுக்கு இரண்டு பக்கமும் ரசீது கொடுக்காதவரை. விமானம் சங்கத்துக்கு, அறை துறைக்கு என்று பிரித்து, இரு பக்கத்துக்கும் எழுதித் தெரிவித்துவிடுங்கள். மத்திய அரசுப் பணத்தில் வெளிநாட்டு மாநாட்டுக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு விதி: பொதுவாக அமெரிக்க விமான நிறுவனத்தில்தான் பறக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று வளைகுடா நாட்டு விமானத்தில் போட்டுவிட்டுப் பிறகு முழித்தவர்களை எனக்குத் தெரியும்.

ஆறாம் படி: போகும்போது

போஸ்டரைத் துணியில் அச்சடியுங்கள். நான்காக மடித்துச் சட்டைகளுக்கு நடுவில் வைத்துவிடலாம், விமானத்தில் அந்த நீளக் குழாயோடு மல்லுக்கட்ட வேண்டாம். உதவி பெறுகிறவர்கள் வர வேண்டிய வரவேற்பு நிகழ்ச்சி ஏதாவது இருந்தால் அதற்கு முன்னதாக ஊர் போய்ச் சேரும்படி டிக்கெட் போடுங்கள். வராதவருக்குப் பணம் இல்லை என்று நிபந்தனையில் எழுதியிருக்கும். எஃப்-1 மாணவர்கள் உள்நாட்டுப் பயணம் என்றாலும் பல்கலைக்கழகம் தந்த ஐ-20 படிவத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரசீது விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். இன்னொரு மாநாட்டில் ஒரு சக மாணவரோடு அறையைப் பகிர்ந்துகொண்டேன். அவர் பெயரில் பதிவு, என் பங்கை அவருக்கு ஃபோனில் அனுப்பிவிட்டேன். திரும்பி வந்து பணம் கேட்டால், ஹோட்டல் ரசீதில் உன் பெயரே இல்லையே என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஹோட்டல் வரவேற்பு மேசையில் சொன்னால் இரண்டு கார்டில் பிரித்து, இரண்டு பேருக்கும் தனித்தனி ரசீது தருவார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. 360 டாலர் போயே போனது.

சாப்பாட்டுக்கு அன்றாடப்படி தருகிறார்களா, ரசீதுக்குத் தருகிறார்களா என்று முன்னாலேயே கேளுங்கள். அன்றாடப்படி என்றால் கிளம்பும் நாளுக்கும் திரும்பும் நாளுக்கும் வழக்கமாக முக்கால் பங்குதான். ரசீது என்றால் என்ன சாப்பிட்டோம் என்று வரிவரியாக அச்சடித்த தாள் வேண்டும், கார்டு தேய்த்த துண்டுச் சீட்டு போதாது. அதில் ஒரு பீர் இருந்தால் அந்த வரிக்குப் பணம் வராது. ஒவ்வொரு ரசீதையும் வாங்கிய இடத்திலேயே படம் எடுத்துவிடுங்கள். வெப்பத்தாள் ரசீது சட்டைப்பையில் இரண்டு வாரம் இருந்தால் வெள்ளைத் தாளாகிவிடும். விமான மைல்களைக் கொடுத்து வாங்கிய டிக்கெட்டுக்குப் பெரும்பாலும் எதுவும் கிடைக்காது, அதை ஊருக்குப் போக வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: திரும்பி வந்த பிறகு

வந்த வாரமே கணக்கை அனுப்புங்கள். செலவுக்கணக்கு 60 நாளுக்குள் வந்தால் திருப்பித் தரும் பணத்துக்கு வரி இல்லை என்பது அமெரிக்க வரித்துறையின் பொது வழக்கம். பல்கலைக்கழகங்கள் இதையே பிடித்துக்கொள்ளும். தாண்டினால் அந்தப் பணத்தையும் அவர்கள் உங்கள் வருமானத்தில் சேர்த்துவிடக்கூடும்.

சங்கம் ரசீது கேட்காமல் மொத்தமாகக் காசோலை தந்தால் கதை வேறு. அது ஃபெல்லோஷிப் வருமானம் போலக் கருதப்படலாம். குடிமக்களிடமும் நிரந்தரக் குடியிருப்பாளர்களிடமும் டபிள்யூ-9 படிவம் வாங்குவார்கள். வரிக் கணக்கில் இன்னும் வெளிநாட்டவராக இருக்கும் எஃப்-1, ஜே-1 காரர்களுக்கு டபிள்யூ-8பென் படிவம், 14 சதவீதப் பிடித்தம். ஆயிரம் டாலர் என்று சொல்லிவிட்டு 860 வந்தால் யாரும் ஏமாற்றவில்லை. அடுத்த வருடம் 1042-எஸ் என்று ஒரு தாள் வரும், வரித் தாக்கலுக்கு அதைப் பத்திரமாக வையுங்கள்.

உதவி கொடுத்த குழுவின் தலைவருக்கு நான்கு வரியில் ஒரு நன்றிக் கடிதம் அனுப்புங்கள். யாரைச் சந்தித்தீர்கள், அதனால் என்ன நடந்தது என்று எழுதுங்கள். அடுத்த வருடம் நிதி கேட்க அவர்களுக்கும் அந்தக் கதை தேவை.

கிடைக்காவிட்டால்

முதலில் பொதுவான இளம் ஆய்வாளர் உதவிகளைப் பாருங்கள். ஒவ்வொரு கவுன்சிலும் இனம் பார்க்காமல் தரும் சில உண்டு. அப்புறம் பட்டதாரி மாணவர் பேரவை. பல பல்கலைக்கழகங்களில் அதற்கென்று பயண நிதி இருக்கும், சிறிய தொகை, போட்டி குறைவு. தொற்றுநோயியல் பக்கம் இருப்பவர்களுக்கு ஏ.எச்.ஏ. கோடையில் கலிஃபோர்னியாவின் டாஹோ ஏரிக்கரையில் நடத்தும் பத்து நாள் பயிலரங்கு இருக்கிறது. என் கண்ணில் அது எந்த மாநாட்டையும்விட மேல். பத்து நாள் ஒரே இடத்தில் சாப்பிட்டு, நடந்து, சண்டை போட்டு, துறையின் பெரியவர்களோடு பழகுகிற வாய்ப்பு அது.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ அப்ஸ்ட்ராக்ட் அனுப்புகிறவர்களுக்கு மேலே சொன்ன சிறுபான்மை உதவிகள் பெரும்பாலும் கிடையாது. ஆனால் ஒரு நாட்டிலிருந்து வந்தவற்றில் முதலிடம் பெற்ற அப்ஸ்ட்ராக்டுக்கு ஏ.எச்.ஏ. மாநாடுகளில் இதயநோய் மருத்துவர் பால் டட்லி ஒயிட் பெயரில் ஓர் அங்கீகாரம் தருகிறார்கள். சி.வி.யில் அது நன்றாக நிற்கும். விசா நேர்காணல் தேதிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம் என்பதால், அப்ஸ்ட்ராக்ட் ஏற்கப்பட்ட அன்றே மாநாட்டு அலுவலகத்திடம் அழைப்புக் கடிதம் கேட்டுவிடுங்கள்.

எங்கள் தோழிக்கு இரண்டாவது உதவி கிடைத்தபோது அவர் முதலில் செய்தது, துறையின் கணக்குப் பார்க்கிற அம்மாவிடம் போய் விமான டிக்கெட்டை அவர்கள் கார்டில் போட வைத்தது. அந்த முறை அவர் கையிலிருந்து போனது சாப்பாட்டுக் காசு மட்டும்தான். அதுவும் ஜூன் மாதம் திரும்பி வந்துவிட்டது.